வளைவு திரும்பியது, உயிர் திரும்பியதா?

நகரத்து ஓடைகளைச் சீரமைக்கும் திட்டங்களின் திறப்பு விழாப் படங்கள் எந்த நாட்டில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சிமென்ட் வாய்க்கால் இருந்த இடத்தில் வளைந்து நெளியும் நீரோட்டம், கரையெங்கும் புல், கற்களுக்கு நடுவே சலசலப்பு, ஓரமாக நடைபாதை. பார்த்தவுடன் ஓடை பிழைத்துக்கொண்டது என்றே தோன்றும். அந்தத் தண்ணீருக்குள் இப்போது என்ன வாழ்கிறது, முன்பு என்ன வாழ்ந்தது, புதிதாக வந்தது தங்குமா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது கண்காணிப்பு. திட்ட அறிக்கையில் அது கடைசி அத்தியாயமாக வரும். நிதி பற்றாமல் போனால் முதலில் கைவைக்கப்படுவதும் அதில்தான்.

இந்த வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு எண்ணிக்கையோடு காட்டியது. எமிலி பெர்ன்ஹார்ட், மார்கரெட் பாமர் உள்ளிட்ட குழுவினர் அமெரிக்காவில் நடந்த 37,099 ஆற்று, ஓடைச் சீரமைப்புத் திட்டங்களின் பதிவுகளைத் திரட்டினார்கள். 1990 முதல் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் இவற்றுக்குச் செலவாகி வந்தது. ஏதாவது ஒரு வகையில் மதிப்பீடோ கண்காணிப்போ நடந்ததாகப் பதிவு இருந்தவை சுமார் பத்து விழுக்காடுதான். மற்றவற்றில் போட்ட பணம் பலித்ததா என்று சொல்ல வழியே இல்லை.

கண்காணிப்பு நடந்த இடங்களிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பது என்ன? ஓடையின் உருவத்தை மீட்பதும் அதன் உயிர்களை மீட்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதே இந்தத் துறையின் முக்கியமான முடிவு. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போகும்போது காரணத்தைத் தோண்டியெடுப்பதில்தான் கண்காணிப்பின் உண்மையான பயன் இருக்கிறது. வெற்றிக்குச் சான்றிதழ் வாங்கத் தொடங்கிய அளவீடுகளைவிட, தோல்வியை விடாமல் துரத்திய அளவீடுகளே அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

நகரம் ஓடைக்குச் செய்வது

எதை அளக்க வேண்டும் என்பது, ஓடை எதனால் கெட்டது என்பதைப் பொறுத்தது. காட்டிலோ வயல்வெளியிலோ பெய்யும் சிறு தூறலை மண் குடித்துவிடும். ஓடைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நகரத்தில் அதே தூறல் கூரையிலும் தார்ச்சாலையிலும் விழுந்து, மழைநீர் வடிகால் குழாய் வழியாகச் சில நிமிடங்களில் ஓடைக்குள் பாய்கிறது. ஆண்டுக்கு ஓரிருமுறை வர வேண்டிய வேகமான வெள்ளம் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. படுகை அரிக்கப்பட்டு ஓடை ஆழமாகிறது. கரை செங்குத்தாக நிற்கிறது. நிலத்துக்குள் இறங்க வேண்டிய நீர் இறங்காததால் கோடையில் ஊற்று வற்றுகிறது. சாலையில் படிந்த எண்ணெய், துத்தநாகம், செம்பு, ரப்பர்த் தூள் எல்லாம் மழையோடு வந்து சேர்கின்றன. கழிவுநீர்க் குழாய்களின் கசிவு மழை பெய்யாத நாளிலும் வந்துகொண்டிருக்கிறது.

உலகின் பல நகரங்களில் இதே அறிகுறிகள் ஒன்றாகத் தென்படுவதைக் கண்ட கிறிஸ் வால்ஷும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் இதை ‘நகர ஓடை நோய்க்குறி’ என்று தொகுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, நோயின் வேர் பெரும்பாலும் ஓடைக்கு வெளியே இருக்கிறது என்பது. நீர்ப்பிடிப்புப் பகுதியின் கூரைகளும் சாலைகளும் குழாய்களும்தான் காரணம். சீரமைப்புத் திட்டங்களோ பெரும்பாலும் கரைக்கும் கரைக்கும் நடுவே மட்டும் வேலை செய்கின்றன.

எதோடு ஒப்பிடுவது?

தென் கொரியத் தலைநகர் சியோலின் சியோங்கியேசியோன் உலகத்தில் அதிகம் பேசப்பட்ட நகர ஓடை. 1950களின் பிற்பகுதியிலிருந்து கான்கிரீட்டால் மூடப்பட்டு, மேலே மேம்பாலச் சாலையும் எழுந்துவிட்ட ஓடை அது. மேயராக இருந்த லீ மியுங்-பாக் 2003இல் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005இல் ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார். 2003க்கும் 2008க்கும் இடையில் மீன் இனங்கள் 4லிருந்து 25 ஆகவும், பறவை இனங்கள் 6லிருந்து 36 ஆகவும், தாவர இனங்கள் 62லிருந்து 308 ஆகவும் உயர்ந்ததாகக் கணக்கெடுப்பு காட்டியது. ஓடையோரத்து வெப்பம், சில தெருக்கள் தள்ளியிருக்கும் சாலையைவிட 3 முதல் 6 டிகிரி வரை குறைவாக இருந்ததும் பதிவானது.

எண்கள் பொய்யல்ல, ஒப்பீடுதான் தளர்வானது. கான்கிரீட் மூடிக்குக் கீழே இருளில் கிடந்த சாக்கடையோடு ஒப்பிட்டால் எந்த ஓடையும் வென்றுவிடும். மேலும் இங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க ரயில் பாதைகளில் ஊறும் நிலத்தடி நீரிலிருந்தும் பம்ப் செய்து விடப்படுவது, நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன். பம்பை நிறுத்தினால் ஓடை மெலிந்துபோகும். இது நல்ல நகரப் பூங்கா, நல்ல வெப்பத் தணிப்பு. தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஓடையா என்றால், இனங்களின் எண்ணிக்கை மட்டும் அதற்குப் பதில் சொல்லாது.

இந்தச் சிக்கலுக்குச் சூழலியலாளர்கள் வைத்திருக்கும் தீர்வு எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. சீரமைப்புக்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். சீரமைக்கும் ஓடையோடு, அதே நகரத்தில் சீரமைக்கப்படாத இன்னொரு ஓடையையும் அதே நாட்களில் அளக்க வேண்டும். நல்ல மழைக்காலம் ஒன்று இரண்டு ஓடைகளிலும் மீனைப் பெருக்கியிருந்தால் அந்தப் பெருமை திட்டத்துக்குப் போய்விடாது. மூன்றாவதாக, ஓரளவு கெடாத ஓடை ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். ‘முன்’ என்ற அளவீட்டை வேலை தொடங்கிய பிறகு யாராலும் திரும்பப் பெற முடியாது. பொக்லைன் இறங்கிய நாளோடு அந்த வாய்ப்பு போயிற்று.

தண்ணீருக்குள் கையை விட்டால்

களத்தில் இந்த அளவீடு எப்படி நடக்கிறது? முழங்கால் ஆழத்தில், கற்களின் மீது நீர் வேகமாகப் புரளும் இடத்தில் ஒருவர் நிற்கிறார். ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் சட்டமிட்ட வலையைப் பிடித்துக்கொண்டு, மேல்பக்கத்துப் படுகையைப் பூட்ஸ் காலால் கிளறுகிறார். கற்களுக்கு அடியில் ஒட்டியிருந்தவை பெயர்ந்து வலைக்குள் அடித்து வருகின்றன. வலையைக் கவிழ்த்து வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் மண்ணும் சருகும்தான் தெரியும். சிறிது நேரம் அசையாமல் பார்த்தால் தட்டு உயிர்பெறும். மூன்று வாலோடு துடிக்கும் மேஃப்ளை இளம்பூச்சி, மணலைக் கோத்துக் கூடு கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும் கேடிஸ்ஃப்ளை புழு, தட்டானின் இளம்பருவம், நத்தை, அட்டை. கெட்ட ஓடையானால் இவற்றுக்குப் பதிலாக மண்புழுவின் உறவுகளும், மீன் வளர்ப்பவர்கள் தீனியாக வாங்கும் சிவப்பு ரத்தப்புழுக்களுமே நெளியும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினின் நிறம். ஆக்சிஜன் அற்றுப்போகும் சேற்றிலும் அவை பிழைத்திருப்பது அதனால்தான்.

பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறை இதை எண்ணாக்கியது. மாசைத் தாங்காத சில மேஃப்ளை குடும்பங்களுக்கு 10, ரத்தப்புழுக் குடும்பத்துக்கு 2, சேற்றுப்புழுக்களுக்கு 1. தட்டில் கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் ஓடையின் நிலை தெரியும். ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்த நிமிடத்தின் செய்தி மட்டுமே கிடைக்கும். பூச்சிகளோ பல மாதங்களாக அங்கேயே குடியிருப்பவை. நேற்று இரவு யாரும் பார்க்காத நேரத்தில் ஓடிவந்த நஞ்சுக்கும் அவை சாட்சி.

நேரம் தவறினால் அளவீடும் ஏமாற்றும். பாசி மண்டிய ஓடையில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் பெருகும். இரவு முழுவதும் அதே பாசி அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். அலுவலக நேரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, மீட்டரை இறக்குபவருக்கு ஓடை ஆரோக்கியமாகத் தெரியும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது விடியலுக்குச் சற்று முன்பு. இதேபோல, வறண்ட நாட்களில் மட்டும் மாதிரி எடுத்தால், முதல் மழையின் அரை மணி நேரத்தில் வந்து போகும் மாசு கணக்கிலேயே வராது. ஆகவே நல்ல கண்காணிப்பில் தண்ணீருக்குள் இரவு பகலாகப் பதிவுசெய்யும் கருவிகளும், வெள்ளம் உயரும்போது தானாகவே மாதிரி எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன.

எண்ணிக்கையைத் தாண்டி, ஓடை செய்யும் வேலையையும் அளக்கலாம். பால்டிமோர் அருகே மைன்பேங்க் ரன் என்ற சிற்றோடையில் இது நடந்தது. நைட்ரேட்டை வாயுவாக மாற்றிக் காற்றில் விடும் பாக்டீரியாக்களின் வேகத்தைச் சுஜய் கௌஷல் குழுவினர் அங்கே அளந்து 2008இல் வெளியிட்டார்கள். சீரமைக்கப்பட்ட பகுதியில் ஒரு கிலோ படிவுக்கு நாளொன்றுக்குச் சராசரி 77.4 மைக்ரோகிராம் நைட்ரஜன் நீங்கியது. சீரமைக்கப்படாத பகுதியில் 34.8 மைக்ரோகிராம். கரை தாழ்ந்து, நீர் ஏறி இறங்கும்படி நிலத்தோடு தொடர்பு வைத்திருந்த இடங்களில்தான் வேகம் கூடுதல். கரையைச் செங்குத்தாகக் கல்வைத்துக் கட்டுவதா, சரித்துவிடுவதா என்ற பொறியியல் முடிவுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் கிடைப்பது அரிது.

கட்டினால் வந்துவிடுமா?

வளைவும் மடுவும் கல்லும் மரக்கட்டையும் போட்டுக்கொடுத்தால் உயிர்கள் தாமாக வரும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான திட்டங்கள் நடந்தன. பாமரும் இரு சக ஆய்வாளர்களும் 2010இல் இதைச் சோதித்தார்கள். தக்க தரவுள்ள 78 திட்டங்களை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் படுகையின் பல்வகைத் தன்மை உண்மையிலேயே கூடியிருந்தது. வேலையில் குறையில்லை. ஆனால் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களின் பல்வகைமை புள்ளியியல்படி ஐயமற உயர்ந்தவை இரண்டே இரண்டு.

காரணங்களில் ஒன்று தூரம். ஜெர்மனியின் 24 சீரமைப்புப் பகுதிகளை ஆராய்ந்த ஆண்ட்ரியா சுண்டர்மன் குழுவினர், சுமார் ஐந்து கிலோமீட்டருக்குள் அந்தப் பூச்சிகள் ஏற்கெனவே எங்காவது வாழ்ந்தால்தான் அவை வந்து குடியேறும் வாய்ப்பு இருக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். நகரம் முழுவதிலும் ஒரு மேஃப்ளைகூட மிஞ்சாத நிலையில் எவ்வளவு அழகாகப் படுகை அமைத்தாலும் வருவதற்கு ஆளில்லை. ரூர் தொழிற்பகுதியின் எம்ஷர் ஆறு இதற்கு நீண்டகால உதாரணம். நூற்றாண்டுக்கும் மேலாகத் திறந்த சாக்கடையாக இருந்ததை, 1992 முதல் பூமிக்கடியில் தனிக் கழிவுநீர்க் குழாய் அமைத்து, 2021 முடிவில் கழிவுநீரிலிருந்து முழுக்க விடுவித்தார்கள். முதலில் விடுபட்ட கிளையோடைகளில் உயிர்கள் ஆண்டுக்கணக்கில் படிப்படியாகவே வந்தன. பறக்கத் தெரிந்தவை முந்தின, மற்றவை பிந்தின. மூன்று ஆண்டோடு கண்காணிப்பை முடித்திருந்தால் பாதிக் கதையைத் தோல்வி என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொரு காரணம், முன்பு சொன்ன நீர்ப்பிடிப்புப் பகுதி. மெல்போர்னின் கிழக்கே மவுன்ட் எவலின் பகுதியில் லிட்டில் ஸ்டிரிங்கிபார்க் என்ற ஓடையில் வால்ஷும் டிம் ஃபிளெட்சரும் தலைகீழாக யோசித்தார்கள். ஓடையைத் தொடவேயில்லை. வீடுகளில் மழைநீர்த் தொட்டிகளும், தெருவோரங்களில் மழைநீரை உறிஞ்சும் தோட்டங்களும் அமைக்க வீட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஒப்பீட்டு ஓடைகளோடு பல்லாண்டுகள் அளந்ததில், நீரின் வெப்பமும் பாஸ்பரஸும் குறைவது தெரிந்தது. எல்லா மாசும் ஒரே அளவில் குறையவில்லை. விழா எடுத்துக் காட்ட அங்கே எதுவுமில்லை. ஆனால் மழைநீர் இறங்கும் இடத்திலேயே அதைத் தடுத்தால் ஓடை மாறுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று அதுதான்.

சியாட்டில் பாடம்

கண்காணிப்பின் முழு வீச்சையும் காட்டியது சியாட்டிலின் லாங்ஃபெலோ ஓடை. 1990களில் அந்த நகரம் தன் ஓடைகளைச் சால்மன் மீன்களுக்காகச் சீரமைத்தது. கடலிலிருந்து கோஹோ சால்மன் திரும்பியும் வந்தன. எண்ணிக்கை மட்டும் எடுத்திருந்தால் அதை மகத்தான வெற்றி என்று சொல்லிவிடலாம். இலையுதிர்காலத்தில் ஓடையோரம் நடந்து கணக்கெடுத்தவர்கள் கண்டது வேறு. மீன்கள் திசை தெரியாமல் சுழன்றன, நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து தத்தளித்தன, சில மணி நேரத்தில் செத்தன. செத்த பெட்டைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தால் முட்டைகள் இடப்படாமல் அப்படியே இருந்தன. 2002 முதல் 2009 வரை அந்த ஓடைக்கு வந்த கோஹோ மீன்களில் ஆண்டுதோறும் 60 முதல் 100 விழுக்காடு வரை இப்படி மடிந்ததை நதானியேல் ஷோல்ஸ் குழுவினர் பதிவுசெய்தார்கள். நகரத்துக்கு வெளியே உள்ள ஓடையில் இந்தச் சாவு மிக அரிது.

வெப்பம், ஆக்சிஜன் குறைவு, நோய், பூச்சிமருந்து என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார்கள். சாவு மழையோடு வருகிறது, வாகனம் மிகுந்த சாலைகளோடு சேர்ந்தே இருக்கிறது என்பது துலங்கியது. 2016இல் வெளியான சோதனையில், சாலையிலிருந்து பிடித்த மழைநீரில் விடப்பட்ட மீன்கள் இறந்தன. அதே நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே வடிகட்டி விட்டபோது பிழைத்தன. குற்றவாளி யாரென்று தெரிவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. 2020 டிசம்பரில் சென்யு தியான், எட்வர்ட் கொலோட்சே, ஜெனிஃபர் மெக்கின்டயர் உள்ளிட்டோர் குற்றவாளியையும் அடையாளம் காட்டினார்கள். டயர் ரப்பரில் ஓசோனால் வெடிப்பு விழாமல் காக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. கோஹோவைக் கொல்ல ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவு போதும். அதே ஓடையில் வாழும் சம் என்ற சால்மன் இனத்தை அது பெரிதாகப் பாதிப்பதில்லை.

அதன் பிறகு கலிபோர்னியா 2023இல் இந்த வேதிப்பொருள் கலந்த டயர்களைக் கட்டுப்பாட்டு நடைமுறைக்குள் கொண்டுவந்தது. உற்பத்தியாளர்கள் மாற்றுப்பொருளை ஆராய வேண்டியதாயிற்று. சிற்றோடைச் சீரமைப்பு ஒன்று பலித்ததா என்று பார்க்கப் போனவர்களின் குறிப்பேடு டயர்த் தொழிலையே கேள்வி கேட்டது. படுகையை இன்னும் நூறு முறை வளைத்திருந்தாலும் அந்த மீன்கள் பிழைத்திருக்காது.

நம் பக்கத்து நதிகள்

வெப்பமண்டல நகரங்களில் இந்த அனுபவம் குறைவு. சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய் 2012இல் 3 கிலோமீட்டருக்கும் மேலான வளைந்த ஆறாக மாறியது. செடிகளின் வேரையே கரைப் பிடிப்பாக்கும் முறைகள் வெப்பமண்டல மழையைத் தாங்குமா என்று 2009இல் பூங்காவின் பக்க வாய்க்கால் ஒன்றில் முதலில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய வேலையில் இறங்கினார்கள். இந்த முன்சோதனை பாராட்டத்தக்கது. இரண்டு ஆண்டில் உயிரினப் பல்வகைமை சுமார் 30 விழுக்காடு கூடியதாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய்க் குடும்பங்கள் குடியேறியது ஊரே கொண்டாடும் செய்தியானது. நீர்நாய் வந்ததிலிருந்து மீன் நிறைய இருக்கிறது என்று தெரிகிறது. அவை தின்னும் மீன்களில் திலேப்பியா போன்ற அயல் இனங்களும் இருப்பதால், மண்ணின் பழைய உயிர்ச்சூழல் திரும்பிவிட்டதாக அதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது.

சென்னையில் அடையாற்றின் உப்பங்கழியில் 58 ஏக்கர் இடிபாட்டுக் குவியல் அகற்றப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் மீட்கும் வேலை சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. இங்கே வெளிநாட்டு அளவுகோலை அப்படியே பொருத்த முடியாது. வடகிழக்குப் பருவமழையில் பெருக்கெடுத்து, சித்திரை வைகாசியில் மணலும் மடுவுமாகக் கிடப்பதே இந்த ஆறுகளின் இயல்பு. இன்று கோடையில் கூவத்தில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். அதை முழுக்கத் திருப்பிவிட்டால் ஆறு வறண்டு தெரியும்; பார்ப்பவர்கள் திட்டம் தோற்றது என்பார்கள். முகத்துவாரத்து மணல்மேடு திறந்திருக்கும் மாதத்தில் கடல்நீர் ஏறி இறங்கும். மூடிய மாதத்தில் தேங்கும். ஆகவே முகத்துவாரம் திறந்த நாள், மூடிய நாள், முதல் மழை நாள், வெள்ளம் வடிந்த வாரம் என்று பருவத்தை ஒட்டிய அளவீட்டு நாட்காட்டி வேண்டும். நீர்ப்பூச்சிகளைக் கொண்டு தரம் பிரிக்கும் முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே வகுத்திருக்கிறது. கழிமுகத்துக்கு அது பொருந்தாது. மேலே உள்ள நன்னீர்ப் பகுதிகளில் தொடங்கலாம்.

கணக்கில் சேர வேண்டியவை

இதுவரையான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நல்ல கண்காணிப்புக்கு வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வேலைக்கு முன்பு குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளக்க வேண்டும். சீரமைக்காத ஓடை ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும். விடியலும் முதல் மழையும் தவறக் கூடாது. இனங்களின் பட்டியலோடு, அவை அங்கே இனப்பெருக்கம் செய்கின்றனவா என்பதையும் நைட்ரஜன் நீக்கம் போன்ற வேலைகளையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பத்தாண்டாவது தொடர வேண்டும். கட்டியவரே மதிப்பெண் போடக் கூடாது. பல்கலைக்கழகமோ கல்லூரியின் விலங்கியல் துறையோ பொறுப்பேற்றால் மாணவர்களுக்கும் களம் கிடைக்கும். மூலத் தரவு பொதுவெளியில் இருக்க வேண்டும், தோற்ற ஆண்டுகளின் தரவு உட்பட.

கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் இதற்கெல்லாம் ஆகும் பணம் சிறிது. தயக்கம் பணத்தால் மட்டும் வருவதல்ல. அளந்தால் பலிக்கவில்லை என்று தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் அதில் இருக்கிறது. சியாட்டிலில் மீன்கள் சாவதை மறைத்திருந்தால் திட்டத்தின் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும். மண்வடிகட்டி என்ற எளிய தீர்வும், டயரில் ஒளிந்திருந்த நஞ்சும் இன்றுவரை யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும். நிதி ஒதுக்குபவர்கள் அறிக்கையில் ‘வெற்றி’ என்ற சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, எது பலிக்கவில்லை, ஏன் என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கினால், அடுத்த ஓடைக்கான திட்டம் அந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படும்.